மூன்று டிகிரி

லியெபாயாவில் பிப்ரவரி.
கடல் ஓரத்தில் உறைந்து, உள்ளே உறையாமல்
முனகிக்கொண்டிருக்கிறது.
கொதிகலன் நிலையத்தின் மாடியறையில்
இரவு பதினொன்று பத்துக்கு
அப்கிரேட் செய்யட்டுமா என்று கேட்டது இயந்திரம்.
ஆம் என்றேன்.

இயந்திரம் என்றால் தொட்டுப் பார்க்க முடியாது.
இரும்புப் பெட்டி ஒன்றுக்குள்
தானும் ஒரு பெட்டி என்று நம்பிக்கொண்டிருக்கும்
வெறும் எண்ணம் அது.
கய்யா என்று பெயர் வைத்தவர்
வேலையை விட்டுப் போய்விட்டார்.
எங்கள் மொழியில், கடற்காகம்.

ரீபூட்.
கறுப்புத் திரையில் சரசரவென்று வரிகள் கொட்டின,
பிறகு சட்டென்று நின்றன.
கடைசி வரி மட்டும் புரிந்தது:
வேரைக் காணவில்லை. பீதி.
இயந்திரத்துக்குப் பீதி என்பது கலைச்சொல்.
எனக்கு அப்படியில்லை.

கீழே தொலைபேசியை எடுத்தார் ஓயார்ஸ்.
"திரை செத்துவிட்டது. அளவுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும்."
"எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?"
"இருபது."
அவர் பெருமூச்சு விடவில்லை.
பூட்ஸ் மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் நினைவகத்தைச் சந்தேகித்தேன்.
பிறகு வட்டின் பெயரை.
பிறகு பெட்டியைச் சுமக்கும் பெட்டியை.
பிறகு, வெட்கம்தான், கேபிளை.
இல்லாத உடம்புக்கு ஏது கேபிள்?
பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வரும்;
அது காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யம் நொடி என்று
பெயர் வைத்தவரே எழுதிவைத்திருந்தார்.
ஸ்நாப்ஷாட் தேடினேன்.
இருந்தது. போன ஆகஸ்டில் எடுத்தது.
ஊரே கடலில் குளித்த மாதம்,
குழாய்கள் தூங்கிய மாதம்.

மணி ஒன்று ஐம்பது.
"போகும் நீர் எழுபது. திரும்பும் நீர் நாற்பத்திமூன்று."
ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

மீட்பு வட்டு ஒன்றைச் செருகி
பக்கவாட்டுக் கதவால் உள்ளே போனேன்.
வேர் அங்கேதான் இருந்தது,
ஒரு கோப்பும் குறையாமல்.
வாசல்தான் அடைத்திருந்தது.
பூட் பகுதியில் நூற்றுக்கு நூறு:
ஒன்பது பழைய கர்னல்கள்
பனி அப்பிய கோட்டைக்கூடக் கழற்றாமல்
நெருக்கிக்கொண்டு நின்றன.
பத்தாவதாய் வந்த புதியதன் தொடக்கக் கோப்புக்குப்
பெயர் இருந்தது, தேதி இருந்தது,
எடை
பூஜ்யம்.

சொல்லியிருக்கிறது, அது.
இடமில்லை என்று ஒரே ஒரு வரி
நானூறு வரிகளுக்கு நடுவே,
நான் காபி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
மேலே ஏறி மறைந்திருக்கிறது.

எட்டை அழித்தேன்.
ஒன்பதாவதன்மேல் விரல் நின்றது.
இருக்கட்டும்.
நேற்றுவரை ஊரைச் சூடாய் வைத்திருந்தது அதுதான்.
தொடக்கக் கோப்பை மறுபடி கட்டச் சொன்னேன்.
இம்முறை காபியைத் தொடவில்லை.
வரும் ஒவ்வொரு வரியையும்
சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பவள் மாதிரி
வாய்விட்டுப் படித்தேன்.

மூன்று ஐம்பதுக்குக் கய்யா கண் திறந்தது.
பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது.
இரண்டு முறை தப்பாகக் கொடுத்தேன்:
கேப்ஸ் லாக் அழுந்திக் கிடந்திருக்கிறது.
பிறகு பச்சைக் கோடுகள்,
ஒவ்வொரு தெருவாய்.

"வந்துவிட்டது ஓயார்ஸ். இனி நீங்கள் உட்காரலாம்."
"எடுத்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், எவியா.
போகும் நீர் எழுபத்தொன்று."
திரையில் அறுபத்தெட்டு.
"மறுபடி பாருங்களேன்."
போனார். நெடுநேரம்
குழாய்களின் இரைச்சல் மட்டும் காதில்.
"எழுபத்தொன்றேதான்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
என் கண்ணாடியையும்."

எத்தனை குளிர்காலமாய் இந்த மூன்று?
எந்தப் பதிவேட்டிலும் வராத,
எந்த வரியும் எச்சரிக்காத மூன்று.

ரொட்டிக் காகிதத்தை மடித்துக்கொண்டு
படியிறங்கினேன்.
முதுகுக்குப் பின்னால் கய்யா
கொஞ்சமும் பீதியில்லாமல்
அறுபத்தெட்டு என்றது.